வீட்டில் டைனர் வாஃபிள்: மொறுமொறுவென்று வர என்ன செய்யலாம்?

நியூஜெர்சியில் இருந்த ஆறு வருடமும் சனிக்கிழமை காலை என்றால் எங்களுக்கு டைனர்தான். கோவைக்குத் திரும்பிய பிறகு அங்கே சாப்பிட்ட வாஃபிளை (மாவை இரண்டு சூடான அச்சுத் தகடுகளுக்கு நடுவில் ஊற்றிச் சுடும், கட்டம் கட்டமாகக் குழி விழுந்த பலகாரம்) வீட்டில் கொண்டுவர நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. முதல் ஒரு வருடம் வந்ததெல்லாம் ஈரத்துணி மாதிரி தொங்கும் வாஃபிள்தான், பிள்ளைகள் மரியாதைக்காகச் சாப்பிட்டார்கள். இப்போது சரியாக வருகிறது. சொந்தக்காரர்களும் சிநேகிதிகளும் கேட்டுக்கொண்டே இருக்கும் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் போனில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை, அதற்காகத்தான் இது.

டைனர் வாஃபிள் என்று தனியாக ஒன்று இருக்கிறதா? எல்லாம் பெல்ஜியன் வாஃபிள்தானே?

இல்லை, இரண்டும் வேறு. டைனர் என்பது அமெரிக்காவில் நாள் முழுக்கக் காலை உணவு கிடைக்கும் சாதாரண உணவகம். நீளமான கவுண்டர், சுழலும் ஸ்டூல், கோப்பை காலியாகும் முன்பே வந்து ஊற்றிவிட்டுப் போகும் காபி. 1872இல் ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரத்தில் வால்ட்டர் ஸ்காட் என்பவர் குதிரை வண்டியில் வைத்து ராத்திரி நேரத்தில் சாப்பாடு விற்றதில்தான் இந்த வகைக் கடையின் கதை ஆரம்பிக்கிறது. பிறகு ரயில் பெட்டி மாதிரி முழுக் கடையையும் தொழிற்சாலையில் செய்து, தேவையான இடத்துக்கு இழுத்துக்கொண்டு போய் வைத்தார்கள். நியூஜெர்சியில் அந்த மாதிரி டைனர்கள் இன்றும் நிறைய உண்டு.

அங்கே கிடைக்கும் பழைய பாணி வாஃபிள் வட்டமாக, மெல்லிசாக இருக்கும், குழிகள் ஆழமில்லை. பேக்கிங் பவுடரும் சோடாவும்தான் அதை உப்ப வைக்கும். நாம் பெல்ஜியன் என்று சொல்வது தடிமனாக, ஆழமான குழிகளோடு வரும் வகை. பெல்ஜியத்திலேயே கேட்டால் எந்த ஊர் வாஃபிள் என்று திருப்பிக் கேட்பார்கள். பிரஸ்ஸல்ஸ் வாஃபிள் நீள்சதுரமாக, லேசாக இருக்கும். லியேஜ் வாஃபிள் பிசைந்த மாவில் முத்துச் சர்க்கரைக் கட்டிகளைப் போட்டுச் செய்வது. 1962 சியாட்டில் உலகக் கண்காட்சியிலும் அடுத்து 1964 நியூயார்க் கண்காட்சியிலும் ஸ்ட்ராபெரியும் கிரீமும் வைத்து விற்றபோதுதான் இந்தத் தடிமன் வகை அமெரிக்காவில் பிரபலமானது.

இரண்டையும் சாப்பிட்டிருக்கிறேன். வீட்டில் மொறுமொறுப்பு வேண்டும் என்றால் மெல்லிசு வகைதான் சுலபம். தடிமன் கூடக்கூட உள்ளே ஈரம் கூடும், அந்த ஈரம் வெளியே வந்து மேல்தோலைக் கெடுக்கும்.

என்ன செய்தாலும் ஐந்து நிமிடத்தில் மெத்தென்று ஆகிவிடுகிறது. மாவில் என்ன தப்பு?

பெரும்பாலும் மாவில் தப்பே இருக்காது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மொறுமொறுப்பு என்பது மேல்தோலில் தண்ணீர் இல்லாத நிலை, அவ்வளவுதான். அப்பளம் ஏன் நமத்துப்போகிறது? காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்வதால். வாஃபிளுக்கு அந்த ஈரம் வெளியிலிருந்து வரவேண்டிய அவசியம்கூட இல்லை, அதன் வயிற்றுக்குள்ளேயே ஆவியாக இருக்கிறது. சூடு போதாமல் சுட்டால் தோல் காய்வதற்குள் நாம் எடுத்துவிடுகிறோம். சரியாகவே சுட்டாலும் எடுத்துத் தட்டில் போட்டால், கீழ்ப்பக்கம் வரும் ஆவி போக வழியில்லாமல் தட்டில் முட்டித் தண்ணீராகி அதே தோலை நனைக்கிறது. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் கேட்கவே வேண்டாம், இட்லி கொப்பரைதான்.

டைனர் கவுண்டரில் உட்கார்ந்து நான் கவனித்தது இதுதான். அங்கே வாஃபிள் சுடும் மெஷின் காலையிலிருந்து அணைவதே இல்லை, எப்போதும் முழுச் சூடு. எடுத்த வாஃபிள் நேராகத் தட்டுக்கு, தட்டு நேராக மேஜைக்கு, முப்பது விநாடியில் வாயில். அது ஆறி நமத்துப்போக யாரும் நேரமே கொடுப்பதில்லை. வீட்டில் நாம் நாலு சுட்டு அடுக்கி வைத்துவிட்டு எல்லோரையும் சாப்பிட வாங்க என்று கூப்பிடுகிறோம், அவர்கள் வருவதற்குள் கதை முடிந்துவிடுகிறது.

சரி, அளவு சொல்லுங்கள்.

ஏழு அங்குல வட்ட மெஷினில் ஐந்து வாஃபிள் வரும். டம்ளர் கணக்கு வேண்டாம், என் டம்ளர் வேறு உங்கள் டம்ளர் வேறு. அமெரிக்கச் சமையல் குறிப்பில் ஒரு கப் என்றால் சுமார் 240 மி.லி., அதில் மைதா 120இலிருந்து 125 கிராம் பிடிக்கும். இங்கே நேராக எடைதான் தருகிறேன்.

மைதா 180 கிராம், கார்ன்ஃப்ளோர் 40 கிராம் (வெள்ளையாக, தொட்டால் கிறீச்சிடும் அந்த மாவு, மஞ்சள் மக்காச்சோள மாவு அல்ல), மால்ட் பவுடர் 3 மேஜைக்கரண்டி, சர்க்கரை 1 மேஜைக்கரண்டி, பேக்கிங் பவுடர் ஒன்றரை தேக்கரண்டி, சமையல் சோடா அரை தேக்கரண்டி, உப்பு அரை தேக்கரண்டி. இவற்றை ஒரு பாத்திரத்தில் கலந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பாத்திரத்தில் கெட்டித் தயிர் 250 கிராம், பால் 120 மி.லி., முட்டை 2, மணமில்லாத எண்ணெய் 60 மி.லி., உருக்கிய நெய் 2 மேஜைக்கரண்டி, வெனிலா எசன்ஸ் 1 தேக்கரண்டி. தயிரும் பாலும் முட்டையும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அறைச் சூட்டுக்கு வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நெய் அதில் பட்டதும் உறைந்து குருணை குருணையாக நிற்கும்.

ஈரக் கலவையை உலர்ந்ததில் ஊற்றி, மாவு நனைகிற வரை மட்டும் கலக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். பதம் ஊத்தப்பத்துக்கு ஊற்றும் மாவு மாதிரி இருக்க வேண்டும், கரண்டியிலிருந்து கெட்டியாக வழிய வேண்டும். உங்கள் தயிர் ரொம்பக் கெட்டி என்றால் இன்னும் இரண்டு கரண்டி பால் சேர்க்கலாம்.

மால்ட் பவுடர் என்றால்? அதற்கு எங்கே போவது?

ஹார்லிக்ஸ். சிரிக்காதீர்கள், நிஜமாகவே அதேதான்.

டைனர் வாஃபிளுக்கு என்று ஒரு வாசனை இருக்கிறது, சுட்ட ரொட்டியும் பாலும் கலந்த மாதிரி, மற்ற எந்த வாஃபிளிலும் வராது. நான் ரொம்ப நாள் அது வெனிலா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முளைகட்டிய பார்லியின் வாசனை அது. அமெரிக்காவில் பல டைனர்களும் ஹோட்டல்களும் மால்ட் கலந்த ரெடிமேட் மாவைத்தான் வாங்கிப் பயன்படுத்துகின்றன. மால்ட்டில் இருக்கும் சர்க்கரை நிறத்தையும் சீக்கிரம் கொண்டுவரும்.

நம் வீட்டில் காய்ச்சல் வந்தால் கொடுக்கும் அந்த ஹார்லிக்ஸே அமெரிக்காவில் பிறந்ததுதான். இங்கிலாந்திலிருந்து போன ஜேம்ஸ், வில்லியம் என்ற ஹார்லிக் சகோதரர்கள் விஸ்கான்சின் மாநிலத்து ரேசின் நகரத்தில் செய்து, 1883இல் காப்புரிமை வாங்கிய மால்ட் பால் பவுடர் அது. சாதா ஹார்லிக்ஸ் மட்டும் போடுங்கள், சாக்லேட் வகை வேண்டாம், சீக்கிரம் கருகும். மூன்று கரண்டிக்கு மேல் போனால் ஒட்டவும் ஆரம்பிக்கும்.

அமெரிக்கக் குறிப்புகளில் பட்டர்மில்க் என்று போட்டிருக்கிறதே, மோர் ஊற்றலாமா?

கூடாது. அமெரிக்கக் கடையில் அந்தப் பெயரில் விற்பது பாலை உறையவிட்டுச் செய்யும் கெட்டியான, புளித்த திரவம். நம் மோர் அதைவிட எவ்வளவோ நீர்த்தது, ஊற்றினால் மாவு ஓடிவிடும். தயிரோடு கொஞ்சம் பால் சேர்த்தால் கிட்டத்தட்ட அதே பதம் வரும், மேலே சொன்ன அளவு அப்படி வந்ததுதான். லேசாகப் புளித்த தயிர் நல்லது, அந்தப் புளிப்புதான் சோடாவோடு சேர்ந்து நுரைக்கிறது. தயிர் புளிப்பே இல்லையென்றால் சோடா மிச்சம் நின்று சோப்பு மாதிரி ஒரு ருசி வரும், அப்போது அரை மூடி எலுமிச்சை பிழிந்துவிடுங்கள்.

மாவில் கட்டி கட்டியாக இருக்கிறது, மிக்ஸியில் ஒரு சுற்று விடலாமா?

ஐயோ, வேண்டாம். மைதாவை அடிக்க அடிக்க அதில் பசைத்தன்மை இழுபடும். பரோட்டாவுக்கு நாம் வேண்டுமென்றே செய்வது அதைத்தான். வாஃபிளில் அது வந்தால் ரப்பர். சின்னச் சின்னக் கட்டி பத்து நிமிடத்தில் தானே ஊறிவிடும். கார்ன்ஃப்ளோர் சேர்ப்பதும் இதற்காகத்தான், அதில் பசை கிடையாது, வெறும் ஸ்டார்ச், அதனால் தோல் மெல்லிசாகக் காய்ந்து நொறுங்குகிறது.

வெள்ளைக்கருவைத் தனியாக அடித்துச் சேர்க்க வேண்டுமா?

சேர்த்தால் உள்ளே பஞ்சு மாதிரி வரும், சந்தேகமில்லை. விருந்தாளி வந்தால் நானும் செய்வேன். ஆனால் பிள்ளைகள் ஸ்கூலுக்குக் கிளம்பும் நாளில் இரண்டு பாத்திரம் கூடுதலாகக் கழுவுவதற்கு அது தகுதியா என்றால், இல்லை. மடித்துக் கலக்கும்போது அழுத்திக் கலக்கினால் அடித்த காற்றெல்லாம் போய்விடும், அப்புறம் பட்ட பாடும் வீண்.

வெண்ணெய் போட்டால் ருசி கூடாதா? ஏன் எண்ணெயும் நெய்யும்?

வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீரை விரட்டுவதற்குத்தானே இவ்வளவு போராட்டம்! எண்ணெயில் தண்ணீரே இல்லை, மெஷினுக்குள் மாவின் மேல்பக்கத்தை மெல்லப் பொரிக்கிற வேலையையும் அதுதான் செய்கிறது. வாசனை மட்டும் வராது. அதற்காக அமெரிக்கக் குறிப்புகளில் பாதி எண்ணெய், பாதி வெண்ணெய் என்று சமாதானம் செய்துகொள்வார்கள். நம்மிடம்தான் நெய் இருக்கிறதே, வெண்ணெயின் வாசனை உண்டு, தண்ணீர் இல்லை. எண்ணெயைக் குறைத்துச் செய்கிறேன் என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு வட்டமான ரொட்டி கிடைக்கும்.

வெந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? பச்சை விளக்கு எரிந்ததும் எடுத்துவிடுகிறேன்.

அந்த விளக்கை நம்பித்தான் நானும் ஒரு வருடம் ஏமாந்தேன். விளக்கு தகட்டின் சூட்டைத்தான் சொல்கிறது, உங்கள் வாஃபிளைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

ஆவியைப் பாருங்கள். மாவை ஊற்றி மூடியதும் ஓரங்களில் குபுகுபுவென்று ஆவி வரும். அது குறைந்து, மெல்லிசாகி, கிட்டத்தட்ட நின்றுபோகும் வரை மூடியைத் தொடவே கூடாது. முன்னாலேயே திறந்தால் வாஃபிள் மேல்பாதி மூடியோடும் கீழ்ப்பாதி தகட்டோடும் இரண்டாகப் பிளக்கும், நடுவில் வேகாத மாவு. என் மெஷினில் ஒரு வாஃபிளுக்கு நாலரை நிமிடம் ஆகிறது, உங்களுடையதில் மூன்றாகவும் இருக்கலாம் ஆறாகவும் இருக்கலாம். நிறம் வெளிர் மஞ்சளாக இருக்கும்போது எடுக்காதீர்கள், தங்க நிறத்தைத் தாண்டி லேசாகப் பழுப்பு ஏறட்டும்.

எடுத்த உடனே தொட்டுப் பார்த்து மெத்தென்று இருக்கிறதே என்று பதறவும் வேண்டாம். கம்பித் தட்டில் ஒரு நிமிடம் விடுங்கள், மிச்ச ஆவி போனதும் விறைக்கும். முறுக்கு எண்ணெயிலிருந்து எடுத்தவுடன் எப்படி இருக்கும், ஆறியதும் எப்படி இருக்கும், அந்தக் கணக்கு.

மெஷினில் ஒட்டிக்கொள்கிறது. என்ன செய்ய?

முதலில் சூடு. விளக்கு எரிந்த பிறகும் இன்னும் ஐந்து நிமிடம் காய விடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சுர்ரென்று குதித்து ஓட வேண்டும், தோசைக்கல்லுக்குப் பார்ப்பது போலத்தான். அப்புறம், டப்பாவில் வரும் குக்கிங் ஸ்பிரே அடிக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். பல ஸ்பிரேக்களில் எண்ணெயோடு லெசித்தின் என்ற பொருள் இருக்கும், அது நான்ஸ்டிக் தகட்டில் பிசின் மாதிரி படிந்து, நாளடைவில் ஒட்டாததையும் ஒட்டவைக்கும். சமையல் பிரஷ்ஷில் எண்ணெய் தொட்டுத் தடவினால் போதும். கத்தி, முள்கரண்டி வைத்துச் சுரண்டாதீர்கள்.

அமெரிக்காவிலிருந்து அண்ணன் வாஃபிள் மேக்கர் கொண்டுவருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?

அண்ணனிடம் சாக்லேட் கொண்டுவரச் சொல்லுங்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. நான் பெட்டியில் துணிக்கு நடுவில் பத்திரமாகப் பொதிந்து கொண்டுவந்த மெஷினை, பிளக் மாற்றும் முனையை மட்டும் மாட்டிச் சுவரில் சொருகினேன். பத்து விநாடிகூட இல்லை. புகை, நாற்றம், எம்சிபி விழுந்து வீடே இருட்டு, மாமியார் வெளியே ஓடிவிட்டார். பிறகு என் கணவர் கணக்குப் போட்டுக் காட்டினார்: வோல்ட் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்றால் சூடு ஏறும் வேகம் அதன் வர்க்கம், அதாவது மூன்றரை மடங்குக்கும் மேல். 1000 வாட் மெஷின் ஒரு நொடியில் 3600 வாட்டுக்குமேல் இழுக்கப் பார்த்திருக்கிறது. முனை மாற்றுவது வேறு, வோல்ட் மாற்றுவது வேறு. வோல்ட் மாற்ற டிரான்ஸ்ஃபார்மர் உண்டுதான், ஆனால் இவ்வளவு வாட் தாங்கும் பெட்டியைத் தூக்கவே ஆள் வேண்டும், அந்தக் காசுக்கு இங்கேயே புது மெஷின் வாங்கிவிடலாம்.

அப்போது எந்த மெஷின் வாங்குவது?

கம்பெனி பெயர் சொல்லமாட்டேன். வாட் பாருங்கள், 900க்குக் குறைவாக இருந்தால் எனக்குத் திருப்தியாக வரவில்லை. தகடு கனமாக இருக்க வேண்டும், முதல் வாஃபிளுக்குப் பிறகு சூடு விழுந்துவிடாமல் இருக்க அதுதான் உதவும். குழி ஆழமில்லாத வட்ட வகை கிடைத்தால் விடாதீர்கள். திருப்பும் வசதி இருந்தால் மாவு இரண்டு பக்கமும் சமமாகப் பரவும், இல்லாவிட்டாலும் குடி முழுகிப்போகாது.

கரண்டே வேண்டாம் என்றால் அடுப்பில் வைக்கும் வார்ப்பிரும்பு அச்சு உண்டு. நியூயார்க் மாநிலத்து டிராய் ஊர்க்காரர் கொர்னீலியஸ் ஸ்வார்ட்வவுட் 1869 ஆகஸ்ட் 24இல் காப்புரிமை வாங்கியது அந்த வகைக்குத்தான், கைப்பிடியைப் பிடித்து அடுப்பிலேயே திருப்பிப் போடலாம். அமெரிக்காவில் இன்றும் அந்தத் தேதியை வாஃபிள் தினம் என்று கொண்டாடுகிறார்கள். கேஸ் அடுப்பில் நன்றாக வரும், கை பழக நாலு வாஃபிள் கருகும்.

முட்டை இல்லாமல் வருமா?

வரும். முட்டையை எடுத்துவிட்டுப் பால் 60 மி.லி. கூட்டி, கார்ன்ஃப்ளோரை 60 கிராம் ஆக்கி, பேக்கிங் பவுடரை இரண்டு தேக்கரண்டி ஆக்குங்கள். வெளியே மொறுமொறுப்பு முட்டை வாஃபிளுக்குக் கொஞ்சமும் குறையாது, சொல்லப்போனால் ஒரு படி கூடவே இருக்கும். உள்ளே அந்தப் பஞ்சுத்தன்மை மட்டும் அவ்வளவு வராது. எங்கள் அம்மாவுக்கு இப்படித்தான் செய்கிறேன். வாழைப்பழம் மசித்துப் போடும் குறிப்புகளைப் பார்த்து ஏமாறாதீர்கள், பழத்தின் ஈரமும் சர்க்கரையும் வாஃபிளை நமத்துப்போக வைக்கும்.

கோதுமை மாவில்? தோசை மாவில்?

கோதுமை கால் பங்கு வரை பரவாயில்லை, அதற்கு மேல் போனால் கனக்கும். தோசை மாவை வாஃபிள் மெஷினில் ஊற்றினால் ருசியான, மொறுமொறுப்பான ஒன்று வரும், சட்னியோடு சாப்பிடலாம், ஆனால் அது தோசைதான்.

எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். முதலில் சுட்டது ஆறிவிடுமே?

ஓடிஜி (மேஜையில் வைக்கும் சின்ன மின்சார அவன்) இருந்தால் 100 டிகிரி செல்சியஸில் வைத்து, கம்பித் தட்டின் மேல் ஒன்றோடொன்று படாமல் பரப்பி வையுங்கள். இருபது நிமிடம் தாங்கும், தோல் இன்னும் காயவே செய்யும். ஹாட்பாக்ஸில் போடாதீர்கள். சப்பாத்தியை மெத்தென்று வைத்திருக்கக் கண்டுபிடித்த பாத்திரம் அது.

மிஞ்சினால் நன்றாக ஆறவிட்டு ஃப்ரீசரில் வைக்கலாம். பிறகு டோஸ்டரில் நேராகச் சொருகினால் போதும், ஐஸ் உருகும் வரை காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. மைக்ரோவேவ் மட்டும் கூடாது.

மேப்பிள் சிரப் விலையைக் கேட்டால் மயக்கம் வருகிறது.

வரத்தான் செய்யும். மேப்பிள் மரத்திலிருந்து சுமார் 40 லிட்டர் நீர் இறக்கிக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு கிடைக்கும், உலகத்துக்கு வேண்டியதில் பெரும்பங்கு கனடாவின் கியூபெக்கிலிருந்து வருகிறது. ஒரு ரகசியம், பல டைனர்களில் மேஜையில் இருக்கும் பாட்டிலில் மேப்பிளே கிடையாது, மக்காச்சோளப் பாகில் வாசனை சேர்த்தது. அதனால் குற்ற உணர்ச்சி வேண்டாம். காய்ச்சி வடிகட்டிய கருப்பட்டிப் பாகு எனக்கு அதைவிடப் பிடிக்கும். எதுவாக இருந்தாலும் சூடாக்கி, சாப்பிடும் நொடியில் ஊற்றுங்கள். டைனரில் முதலில் ஒரு உருண்டை வெண்ணெய் வைப்பார்கள், அது உருகிக் குழிகளில் இறங்கிய பிறகுதான் பாகு.

முதல் வாஃபிள் மட்டும் எப்போதும் கெட்டுப்போகிறதே?

முதல் தோசை மாதிரிதான். எனக்கும் கெட்டுப்போகும், டைனரிலும் காலையில் முதலில் சுட்டதை யார் தலையில் கட்டுகிறார்களோ. அதை உப்புப் பார்க்கிறேன் என்று சொல்லி அடுப்படியில் நின்றபடியே நான் சாப்பிட்டுவிடுவேன். வீட்டில் யாருக்கும் இதுவரை கணக்குத் தெரியாது.